அமுதசுரபியும் அளவுகோலும்

ஈழத்துத் தமிழ்ப் புனைகதை அன்றாட வாழ்க்கையின் படப்பிடிப்பாகத் தொடங்கியதன்று. 1885ஆம் ஆண்டில் கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' எகிப்தையும் இந்தியாவையும் களமாகக் கொண்ட சாகசக் கதை. 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதிய 'ஊசோன் பாலந்தை கதை', கரடி வளர்த்த மைந்தனைப் பற்றிய ஐரோப்பிய இடைக்காலக் கதைமரபைத் தழுவியது. 1895இல் வெளிவந்த சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' நாயக்கர் காலத்தை மீளப் படைத்தது. இம்முன்னோடிகளை இலக்கிய வரலாற்று நூல்களில் மறவாது குறிப்பிடுகின்றோம். தேர்வுத்தாளில் ஆண்டு பிழையாமல் எழுதுகின்றோம். ஆயினும் அவர்களை இயக்கிய கற்பனையை மட்டும் குழந்தைப் பருவத்து நோயாகக் கருதுகின்றோம். அத்தகைய கதையொன்றை இன்று ஒருவர் எழுதினால், 'மனோரதியப் பாங்கானது' என்ற ஒற்றைத் தொடரில் அதன் கணக்கு முடிக்கப்பட்டுவிடுகின்றது.

அக்கணக்கு பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். உள்ள உலகின் நியதிகளை மீறித் தனக்கென ஓர் உலகைக் கட்டிக்கொள்ளும் புனைவை, அஃது உருவகக் கதையாயினும் தொன்மக் கதையாயினும் அறிவியற் கதையாயினும், கற்பனைப் புனைவு என ஈண்டுக் குறிப்பிடுவோம். தமிழில் இதனை உயிருடன் வைத்திருப்பவை பெரும்பாலும் சில நூறு பிரதிகள் மட்டும் அச்சிடும் சிறு வெளியீட்டகங்களும் சிற்றிதழ்களுமே. அவற்றை வாசித்து, ஆராய்ந்து, எழுத்தில் பதிவு செய்யும் கடமையிலிருந்து நம் விமர்சனம் விலகி நிற்கின்றது. பல்கலைக்கழகமும் விலகி நிற்கின்றது. இவ்விலகலுக்குக் கூறப்படும் நியாயம் எதுவும் ஆய்வுக்கு நிற்காது.

கற்பனைப் புனைவு தமிழுக்கு அந்நியமானது என்பது முதலாவது நியாயம். உரைவகைகளை வகுத்த தொல்காப்பியர், நடவாததைப் புனைந்துரைக்கும் மொழிக்கும் அவற்றுள் ஓர் இடம் ஒதுக்கினார். அவ்விடத்திற்கு உரை எழுதிய பேராசிரியர், யானையும் குருவியும் நட்புக் கொண்டு ஓரிடத்திற்குச் சென்ற கதையை எடுத்துக்காட்டினார். இலக்கணமே இடம் வகுத்த ஒன்றை இறக்குமதிச் சரக்கு என்று கூற எவருக்கும் உரிமையில்லை.

கற்பனைப் புனைவு சமுதாயப் பிரச்சினைகளிலிருந்து தப்பியோடுவது என்பது இரண்டாவது நியாயம். இதற்கு மணிமேகலையே போதிய விடை. வான்வழிப் பயணமும், பழம்பிறப்பு உணர்த்தும் பீடிகையும், எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரமும் அக்காப்பியத்தில் உள்ளன. அவ்வாறாயின் அது பேசும் பொருள் யாது? பசி. அமுதசுரபி ஏந்திய பெண்ணொருத்தி சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுவிக்கின்றாள். பசிக்கு எதிராகத் தமிழில் எழுந்த வலிய குரல்களுள் ஒன்று, நடக்கவியலாத ஒரு நிகழ்ச்சியின் மீது நின்றே எழுந்தது. நடப்பியலே சமுதாய உணர்வின் ஒரே வாயில் எனின், சாத்தனார் வாயிற் புறத்தே நிற்க வேண்டியவராவார்.

யதார்த்தவாதத்தை இகழ்வது எமது நோக்கமன்று. 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம், தென்னிந்திய வணிக இதழ்களின் நிழலிலிருந்து ஈழத்து எழுத்தை மீட்டது. ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வும் பேச்சும் அச்சேறின. பேராசிரியர் கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968), இலக்கிய வடிவங்களின் மாற்றத்தைச் சமுதாய மாற்றத்தோடு இணைத்து நோக்கக் கற்பித்தது. இவை அழியாச் சாதனைகள். ஆனால் ஒரு காலத்தின் தேவைக்கு எழுந்த கோட்பாடு எக்காலத்திற்கும் உரிய அளவுகோலாக இறுகியபோதுதான் கேடு விளைந்தது. அவ்விறுக்கத்தை அக்காலத்திலேயே எதிர்த்தவர் மு. தளையசிங்கம். அவர் யதார்த்தத்தைக் கைவிடுமாறு கூறவில்லை. அது போதாது, பிரபஞ்ச யதார்த்தமாக விரிய வேண்டும் என்றார். அவருடைய முடிவுகளை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. அவர் எழுப்பிய வினாவைத் தட்டிக்கழிக்க எவருக்கும் உரிமையில்லை.

மலையக இலக்கியத்தை நோக்கின் இவ்வினாவின் கூர்மை புலப்படும். மாத்தளை சோமு, மலரன்பன், மாத்தளை வடிவேலன் ஆகிய மூவரின் சிறுகதைகளைக் கொண்ட 'தோட்டக் காட்டினிலே' 1980இல் வெளிவந்தது. அதே ஆண்டில் என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' வைகறை வெளியீடாக வந்தது. தோட்டத் தொழிலாளரின் வாழ்வை உள்ளிருந்து காட்டிய இந்நூல்கள் சிறு வெளியீட்டு முயற்சிகளின் பெருமைக்குச் சான்றுகள். ஆனால் அதே லயத்து மக்கள் மாசி மாதத்தில் காமன் கூத்தாடுகின்றனர். சிவனின் நெற்றிக்கண்ணால் எரிந்த மன்மதன் மீண்டு எழுவதைத் தம் கண்முன்னே நிகழ்த்துகின்றனர். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் அவர்களுடைய இரவுகளை நிறைத்தவை. உழைப்பு மட்டுமே அவர்களின் யதார்த்தம், கூத்து அவர்களின் அறியாமை எனப் பிரிப்பது எவ்வகை யதார்த்தம்? மார்க்கேசின் மக்கொண்டோவில் நிகழும் அற்புதங்களை உலக இலக்கியம் எனப் போற்றுபவர், காமன் பொட்டலில் நிகழும் அற்புதத்தின் மீது ஒரு தோட்டத்து இளைஞன் நாவல் எழுதினால் மூடநம்பிக்கை என முகஞ்சுளிப்பாராயின், அவரது அளவுகோல் இலக்கியத்தின்பாற்பட்டதன்று.

நேர்ப்பேச்சு இயலாத காலங்களில் கற்பனைப் புனைவே உண்மையின் இருப்பிடமாவதையும் நாம் கண்டுள்ளோம். கல்முனை உமா வரதராஜன் 1990களில் எழுதிய 'அரசனின் வருகை', பெயர் சொல்லாத ஓர் அரசன் ஒரு நகருக்கு வருவதைக் கூறும் கதை. அப்போர்க்காலத்தை அறிந்த வாசகருக்கு அந்நகர் எது, அவ்வரசன் யார் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. பத்திரிகைச் செய்தி சொல்லத் தயங்கியதை அக்கதை சொல்லிற்று. இதற்கு முன்னரும் சு. வே. போன்றோர் உருவகக் கதையை ஈழத்தில் ஒரு தனி வடிவமாக வளர்த்திருந்தனர். எம். ஏ. ரஹ்மானின் அரசு வெளியீடு, தளையசிங்கத்தின் 'புதுயுகம் பிறக்கிறது' நூலை 1965இல் பதிப்பித்தது. கண்டி மாவட்டத்தின் கல்ஹின்னை என்னும் சிற்றூரிலிருந்து தமிழ் மன்றம் நூல்களை வெளியிட்டது. 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா அதனைத் தம் கையாலேயே வீதிகளில் சுமந்து விற்றார். சென்னையில் 'எழுத்து' நடத்திய சி. சு. செல்லப்பாவும் நூல்களைச் சுமந்துகொண்டு ஊரூராகச் சென்றவரே. இவர்கள் யாவரும் ஒரே கொள்கையினர் அல்லர். சிலர் ஒருவரோடொருவர் கடுமையாக முரண்பட்டனர். ஆனால் சந்தை ஒதுக்கியதைச் சுமப்பதில் அவர்களுக்குள் வேறுபாடு இருக்கவில்லை.

இத்தகையோர் சுமந்து தரும் நூலுக்கு இன்று நாம் அளிப்பது யாது? வெளியீட்டு விழா. மங்கல விளக்கு ஏற்றப்படுகின்றது. வாழ்த்துரை, நயவுரை, ஏற்புரை, நன்றியுரை நிகழ்கின்றன. ஊர்ப் பிரமுகர் முதற்பிரதி பெறுகின்றார். வந்தோர் உறையில் பணமிட்டுப் பிரதியுடன் வீடு திரும்புகின்றனர். இதனால் அச்சுக்கூலி மீள்கின்றது, அது நன்றே. ஆனால் மறுநாள் முதல் அந்நூல் பேசப்படுவதில்லை. மறுவாரம் பத்திரிகையில் மதிப்புரை என்ற பெயரில் வருவது பெரும்பாலும் அணிந்துரையின் சுருக்கம். நயவுரையாளர் நூலில் எத்தனை பக்கம் வாசித்தார் என்பது அவருக்கும் அவரது மனச்சாட்சிக்கும் இடையிலான இரகசியம். புகழ்ச்சியால் புதைக்கப்படும் நூல், கண்டனத்தால் புதைக்கப்படும் நூலைவிடப் பரிதாபமானது, கண்டிப்பவராவது வாசித்திருப்பார்.

இக்குறையின் சுமையை மிகுதியாகத் தாங்குபவர் நகரங்களுக்கு அப்பாலுள்ள வாசகர். மாத்தளை நகருக்கு வடக்கே, சிங்களமே பெருவழக்காகவுள்ள பல்லேபொலவில் வாழும் தமிழ் வாசகன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நிகழும் விழாக்கள் அவனுக்கில்லை. மட்டக்களப்பிலோ பாரிசிலோ ஒருவர் முந்நூறு பிரதி அச்சிட்ட விந்தையான நாவலொன்று அவனைத் தற்செயலாகச் சென்றடையப் போவதில்லை. அப்படியொரு நூல் உள்ளது, அஃது இத்தகையது, இக்காரணத்தால் தேடிப் பெறத்தக்கது என்று எவரேனும் பொறுப்புடன் எழுதினால் மட்டுமே அவன் தபாலில் வருவிப்பான். அல்லது நூலகத்தில் கேட்பான். அவனுக்கு மதிப்புரை அலங்காரமன்று. நூலுக்குச் செல்லும் ஒரே பாதை. இவ்வாறு எழுதுபவர் இல்லாததால் அவன் ஒரு நூலை மட்டும் இழப்பதில்லை. தன் மொழியில் இவ்வாறும் எழுதலாம் என்ற அறிவையே இழக்கின்றான். அவனுள் ஓர் எழுத்தாளன் இருந்திருப்பின், அவனும் இழக்கப்படுகின்றான்.

பற்றுமிக்க வாசகரின் உழைப்பு எத்தகைய பயன் தரும் என்பதற்கு அயல்நாட்டுச் சான்று ஒன்றும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்ட், மலிவு இதழ்களில் அச்சத்தையும் விந்தையையும் எழுதி 1937இல் வறுமையில் மறைந்தார். பெரும் பதிப்பகங்கள் அவரது கதைகளை ஏற்கவில்லை. அவருடைய வாசகரும் நண்பருமான ஓகஸ்ட் டெர்லெத், டொனால்ட் வாண்ட்ரி இருவரும் 'ஆர்க்கம் ஹவுஸ்' என்ற சிறு பதிப்பகத்தை நிறுவி, 1939இல் அவருடைய கதைத்தொகுதியை 1,268 பிரதிகளாக அச்சிட்டனர். அவை விற்றுத்தீரவே சில ஆண்டுகள் சென்றன. 2005இல் அமெரிக்காவின் செவ்விலக்கியங்களைப் பதிப்பிக்கும் 'லைப்ரரி ஒஃப் அமெரிக்கா' வரிசையில் அவர் இடம்பெற்றார். அவ்விடத்திற்கு வழி திறந்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர், இரு வாசகர்கள்.

பற்று என்பது குருட்டுப் பாராட்டன்று. கற்பனைப் புனைவின் பெயரால் வரும் போலிகளை முதலில் இனங்காண வேண்டியவர் அதனை விரும்பும் வாசகரே. இறுதி வரியில் நீதி போதித்துத் தன் கற்பனையைத் தானே கொன்றுகொள்ளும் உருவகக் கதைகள் பல உள்ளன. இலத்தீன் அமெரிக்கப் பாணி பற்றிக் கேள்வியுற்றுத் தெளிவின்மையே ஆழம் எனக் கொண்ட எழுத்துகளும் உள்ளன. ஆகவே இவ்வகை நூலை மதிப்பிடுபவர் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். கதை படைத்த உலகம் தான் விதித்த நியதிகளுக்குத் தானே கட்டுப்படுகின்றதா? அவ்வுலகைத் தாங்கும் வலிமை அதன் மொழிக்கு உண்டா? நேரடியாகச் சொல்லியிருப்பின் காணக் கிடைக்காத எதனை இக்கதை காணச் செய்கின்றது? இவற்றுக்கு விடைகாண நூலை ஒருமுறைக்கு இருமுறை வாசிக்க வேண்டும். வர்க்கச் சார்பு எது, மண்வாசனை உண்டா என்ற ஆயத்த வினாக்களுக்கோ பின்னட்டையே போதும்.

காலம் தாழ்த்துவதற்கும் இடமில்லை. பல்லேபொல அமைந்துள்ள இதே மாத்தளை மாவட்டத்தின் அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில் பிக்குகள் கூடித் திரிபிடகத்தை ஓலையில் எழுதினர் என்பது வரலாறு. போரும் பஞ்சமும் நிலவிய வேளையில், மனனம் செய்தோர் மடியின் ஓதியவையும் மடியும் என அவர்கள் அஞ்சினர். அச்சிட்டதும் அழியும் என்பதை நம் தலைமுறைகள் கண்டன. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்துடன் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பேரங்காடிகளில் விற்கும் நூலுக்கு வேறு பிரதி கிடைக்கும்; சில நூறு பிரதி நூலுக்கு அதுவே கடைசிப் பிரதியாகவும் இருக்கலாம். 2002 முதல் 'நூல்தேட்டம்' தொகுதிகளை வெளியிட்டு வரும் என். செல்வராஜாவும், 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகமும் நூல்களின் இருப்பைக் காக்கும் பெரும்பணியைச் செய்து வருகின்றனர். ஆனால் நூற்பட்டியல் நூலின் பெயரைத்தான் காக்கும். ஒரு நூல் வாசகர் ஒருவரிடம் என்ன நிகழ்த்தியது என்பதை மதிப்புரை ஒன்றே காக்கும்.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இதில் செய்யத்தக்கவை சிறியவை, செலவும் குறைந்தவை. ஆண்டு மலர் ஒவ்வொன்றிலும் சிறு வெளியீட்டகங்களின் புனைவுகளுக்கென ஒரு பகுதி ஒதுக்கப்படட்டும். அதனை விழாப் பேச்சாளர் அன்றி, நூலை வாங்கி வாசித்த மாணவர் எழுதட்டும். மதிப்புரைக்கு எடுக்கும் நூலின் இரு பிரதிகளைச் சங்கமே விலைகொடுத்து வாங்கி, ஒன்றைப் பல்கலைக்கழக நூலகத்திலும் மற்றொன்றை ஊர் நூலகம் ஒன்றிலும் சேர்க்கட்டும். விரிவுரையாளர், இறுதியாண்டு ஆய்வுக்கு மீண்டும் மீண்டும் அதே பத்து எழுத்தாளரைப் பரிந்துரைக்கும் வழக்கத்தை விடுத்து, எவரும் தொடாத ஒரு சிறுபதிப்பு நூலை மாணவர் கையில் கொடுக்கட்டும். இவற்றுள் ஒன்றையேனும் இவ்வாண்டே தொடங்கத் தடையாக இருப்பது பணமன்று, சோம்பலே. அச்சோம்பலுக்குக் கோட்பாட்டின் போர்வையைப் போர்த்துவதை இனியேனும் நிறுத்துவோம்.