சூளைக்கும் கோட்டாட்சியருக்கும் நடுவே ஓர் ஆள்

கொத்தடிமைத் தொழிலாளர் பற்றிப் பேச்செடுத்தால் திருவள்ளூர் மாவட்டத்தில் தவறாமல் கிடைக்கும் பதில் ஒன்று உண்டு: திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள் நடக்கிறது, கோட்டாட்சியர் இருக்கிறார், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தருகிறது, இடையில் மூன்றாம் ஆள் எதற்கு? திருநின்றவூரில் ரயிலேறித் திருவள்ளூரில் மனுக் கொடுத்துவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்பக்கூடியவருக்கு இந்த ஏற்பாடு போதும். செங்கல் சேம்பரில், அதாவது சூளையில், அட்வான்ஸ் வாங்கியவரின் நிலைமை வேறு. கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கல் அறுத்தால்தான் கணக்கு நகரும். ஒருவர் வெளியே போனால் மற்றவர்கள் பிணையாக உள்ளே இருப்பார்கள். ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து வந்தவருக்குத் தமிழும் தெரியாது. 2015இல் இம்மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டபோது அதிகாரிகளுக்குத் துணையாக இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷன் என்ற தொண்டு நிறுவனம் இருந்தது. குறைதீர் நாள் அதற்கு முன்பும் திங்கள்தோறும் நடந்துகொண்டுதான் இருந்தது.

அதிகாரியே நேரில் விசாரிக்கிறாரே என்பது அடுத்த வாதம். எனக்கு இதுதான் மிகவும் பலவீனமான வாதமாகப் படுகிறது. விசாரணையின் முடிவில் கோட்டாட்சியர் தரும் விடுதலைச் சான்றிதழ்தான் மறுவாழ்வு உதவிக்கெல்லாம் திறவுகோல். மேஸ்திரியும் முதலாளியின் ஆட்களும் பத்தடி தள்ளி நிற்க, “விருப்பப்பட்டுத்தானே வேலை செய்றே?” என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்? கடனை வாங்கியது அவர்தானே, கைநாட்டு வைத்தது அவர்தானே என்று முடித்துவிடுவதும் சட்டத்துக்குப் பொருந்தாது. பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது: கட்டாய வேலை வாங்கப்பட்டது தெரிந்தாலே, அதன் பின்னால் முன்பணமோ வேறு ஆதாயமோ இருப்பதாக ஊகிக்க வேண்டும், இல்லையென்று காட்டுவது முதலாளியின் பாடு. அந்த வழக்கே அப்பெயர் கொண்ட அமைப்பு 1982இல் நீதிபதிக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கியதுதான். ஃபரிதாபாத் கல் குவாரிகளின் நிலையை நேரில் பார்த்துவர நீதிமன்றம் அனுப்பியதும் வக்கீல்களைத்தான். நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்துக்கே வெளியாளின் கண் தேவைப்பட்டிருக்கிறது.

சான்றிதழ் வந்த பிறகும் தேவை குறைவதில்லை, கூடுகிறது. 2016ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டம் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நிலையில் மீட்கப்பட்டவருக்கு 3 லட்சம் ரூபாய் என வகுத்தது. ஆனால் முழுத் தொகையும் கிடைப்பதைக் குற்றவாளிக்குத் தண்டனை உறுதியாவதோடு முடிச்சுப் போட்டுவிட்டது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதற்குள் இருளர் பழங்குடிக் குடும்பம் பிழைப்புத் தேடி இன்னொரு ஊருக்குப் போயிருக்கும், ஒடிசாக் குடும்பம் சொந்த ஊருக்கே போயிருக்கும். அரசு வக்கீலுக்கு அவர்கள் சாட்சிகள் மட்டுமே. பணம் எங்கே நிற்கிறது, பழங்குடிச் சான்று யாரிடம் தேங்கியிருக்கிறது என்று அவர்கள் சார்பில் கேட்பது யாருடைய வேலையாகவும் இல்லை.

இனி, வெளியார் நுழைந்தால் தொழில் கெடும், மாவட்டத்தின் பெயர் கெடும் என்ற பேச்சுக்கு வருவோம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமே, ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழுவில் மூன்று பட்டியல் இனத்தவர் அல்லது பழங்குடியினரும் இரண்டு சமூக சேவகர்களும் இருக்க வேண்டும் என்கிறது. 14ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. விடுவிக்கப்பட்டவர் மீது கடன் வழக்குப் போடப்பட்டால், அவருக்காக வாதாடக் குழு தன் உறுப்பினர் ஒருவருக்கு அதிகாரம் அளிக்கலாம். ஏழையின் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பது ஐம்பது ஆண்டுப் பழைய இந்தியச் சட்டம், எங்கிருந்தோ வந்து புகுந்த வழக்கம் அல்ல.

மறுப்புகளில் எனக்கு ஏற்கத்தக்கதாகத் தோன்றுவது ஒன்றே: துணைக்கு வருகிறவரே தரகராகிவிட்டால்? மனு எழுதக் காசு வாங்குகிறவர்களை எல்லா அலுவலக வாசலிலும் பார்க்கிறோம், கவலை நியாயமானது. அதற்கு மருந்து துணையாளை ஒழிப்பதல்ல, அவருக்கு விதி வகுப்பது. இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம், தன் விசாரணையில் பங்கெடுக்கச் சிரமப்படுகிறவருக்கு வேறு தகுந்த துணை இல்லையென்றால், உள்ளாட்சியே சுயேச்சையான ஆதரவாளரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. அவருக்குப் பராமரிப்பு தருகிறவரோ, அந்த உள்ளாட்சிக்கே வேலை செய்கிறவரோ அந்தப் பொறுப்பில் இருக்கக் கூடாது. இங்கே அதற்கு நெருக்கமானவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர்கள். அவர்கள் வருவாய்த் துறைக்குக் கீழே இல்லை, நீதித் துறையின் மேற்பார்வையில் இருக்கிறார்கள் என்பதே பெரிய பலம். கொத்தடிமையிலிருந்து மீண்டவர்களையும் இருளர் இளைஞர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்து, ஒடியா பேசுகிறவர் ஒருவரையாவது உடன் வைத்து, மழை விட்டுச் சூளைகளில் கல் அறுப்புத் தொடங்கும் முன்பே பகுதி பகுதியாகப் பொறுப்புக் கொடுக்க வேண்டும். கோட்டாட்சியரின் விசாரணை எதுவும் இவர்களில் ஒருவர் தொழிலாளியிடம் தனியே பேசி முடிக்கும் முன் தொடங்கக் கூடாது என்று கண்காணிப்புக் குழு ஒரு தீர்மானம் போட்டால் போதும். புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.