புள்ளிக்குப் போராடியோர் பொய்ப்புள்ளி பெறலாமா?

சண்டிலிப்பாயில் ஒரு வீட்டுப் பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்துவிட்டால் அந்த மகிழ்ச்சி அவ்வீட்டுப் படலைக்குள் அடங்கி நிற்பதில்லை. கல்வளைப் பிள்ளையாருக்கு அர்ச்சனை நடக்கிறது. சனசமூக நிலையத்தில் பாராட்டுக் கூட்டம் வைக்கிறார்கள். கடல் கடந்து வாழும் பெரியப்பாவும் மாமியும் தொலைபேசியில் வாழ்த்துகிறார்கள். தோட்டத்தில் முதுகு வளைத்த தகப்பனும், காப்பை அடகு வைத்த தாயும் அன்றுதான் தலை நிமிர்கின்றனர்.

ஆனால், நான்கு ஆண்டுகளின் பின் அப்பிள்ளை கொண்டுவரும் பட்டம் எதற்குச் சான்று? அவன் கற்ற கல்விக்கா, அல்லது பிறர் எழுதிக் கொடுத்ததைத் தன் பெயரில் ஒப்படைத்த சாமர்த்தியத்துக்கா? இக்கேள்வியை எழுப்புவது சிலருக்குக் கசக்கும் என்பதை நாம் அறிவோம். எழுப்பாது விட்டாலோ அது நம் சமுதாயத்துக்கு நஞ்சாகும்.

ஒப்படைகளையும் ஆய்வேடுகளையும் கூலிக்கு எழுதிக் கொடுப்பது இன்று உலகெங்கும் ஒரு வியாபாரமாகிவிட்டது. அந்தக் கூலியும் வேண்டாம் என்று சொல்ல இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. கேள்வியைக் கொடுத்தால் சில விநாடிகளில் கட்டுரை கைக்கு வருகிறது. நம் நாடும் இந்நோய்க்கு விலக்கல்ல. 2024 செப்டெம்பரில் நடைபெற்ற ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றதை எல்லோரும் அறிவர். பத்து வயதுப் பாலகருக்கே குறுக்கு வழியைக் காட்டும் பெரியவர்கள், அப்பாலகர் இருபது வயதில் நேர்வழி நடக்கவில்லையென்று குறைகூற என்ன தகுதி உடையவர்கள்?

களவு எங்கும் களவுதான். ஆயினும் தமிழ் மாணவன் செய்யும் பரீட்சைக் களவுக்கு இரட்டைத் தீங்கு உண்டு என்பது நம் கருத்து. பழைய வரலாற்றை இளைய தலைமுறை நினைவிற் கொள்ளட்டும். தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ் மாணவருக்குப் புள்ளியை அள்ளி வழங்கினார்கள் என்ற பழி 1970ஆம் ஆண்டில் நம்மீது சுமத்தப்பட்டது. அப்பழி நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் தரப்படுத்தல் வந்தது. 1971இல் மருத்துவபீடம் புகத் தமிழ் மொழிமூல மாணவன் நானூறில் 250 புள்ளி பெறவேண்டியிருந்தது. சிங்கள மொழிமூல மாணவனுக்கு 229 போதுமாயிருந்தது. அந்த அநீதியை எதிர்த்து நாம் எதைக் கையில் ஏந்தி நின்றோம்? “எங்கள் பிள்ளைகளின் புள்ளி உழைத்துப் பெற்ற புள்ளி” என்ற ஒரே வாதத்தைத்தான். அந்த வாதத்தின் உயிர் நேர்மையிலேயே இருந்தது. இன்று நம் பிள்ளைகளே பொய்ப்புள்ளி தேடினால், அன்று பழி சொன்னவன் வாயில் நாமே அவல் போட்டவர்களாவோம்.

பிறர் அறிவைப் பிறர் பெயராலேயே சொல்லவேண்டும் என்பது மேல்நாட்டார் நமக்குக் கற்பித்த புதுச் சட்டமென்று எவரும் எண்ணவேண்டாம். முதனூல், வழிநூல், சார்புநூல் என்று நூல்களைப் பிரித்து வைத்த இலக்கணம் நம்முடையது. சண்டிலிப்பாயிலிருந்து மேற்கே சிறிது தூரத்தில் வட்டுக்கோட்டை இருக்கிறது. 1823இல் அங்கு எழுந்த செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிய அப்பெருமகன், ஏடு தந்து உதவியவர் யார் யார் என்பதைத் தம் பதிப்புரைகளில் நன்றியோடு குறித்து வைத்தார். அத்தகையோரின் வழிவந்தோம் என்று மேடையில் மார்தட்டிவிட்டு, மேசையில் இருந்து பிறர் பக்கத்தைக் களவாகப் பெயர்த்தெழுதுவது எந்த வகை நியாயம்?

மாணவர் மீது மட்டும் பழியைச் சுமத்தி ஒதுங்க நாம் விரும்பவில்லை. உயர்தரம் வரை தமிழிற் படித்த பிள்ளை, பல்கலைக்கழகத்தில் பல துறைகளை ஆங்கிலத்திற் கற்க நேர்கிறது. கருத்து விளங்கியும் அதனை எழுத மொழி வராத நிலையில், நூலிலுள்ள வாக்கியத்தை அப்படியே எடுத்துவைக்கிறான். இதனைக் குற்றமென்று தண்டிப்பதற்கு முன், மேற்கோள் காட்டவும் சொந்த வாக்கியத்தில் எழுதவும் முதலாண்டிலேயே கற்பிப்பது பல்கலைக்கழகத்தின் கடமையாகும். ஆண்டாண்டாக ஒரே குறிப்பை வாசித்து எழுதுவிக்கும் ஆசிரியனும், மாணவனின் ஆய்வில் உழைக்காமல் தன் பெயரைச் சேர்க்கும் ஆசிரியனும் எங்கிருந்தாலும், அவர்களும் இதே தராசில் நிறுக்கப்பட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். களவைக் கண்டும் காட்டிக்கொடாத மௌனமும், பகிடிவதையைக் கண்டும் காணாத மௌனமும் ஒரே வேரிற் கிளைத்தவை. 1997இல் பேராதனைப் பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவன் ஒருவன் பகிடிவதையால் உயிரிழந்தான். மறு ஆண்டே 20ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. பகிடிவதைக்கு இரண்டாண்டு வரையும், கடுங்காயம் விளைத்தால் பத்தாண்டு வரையும் சிறை என்று அச்சட்டம் சொல்கிறது. சட்டம் இருந்தும் கொடுமை ஒழியவில்லை. காரணம், முறையிடுபவனைத் துரோகியென்று ஒதுக்கும் வழக்கம் ஒழியவில்லை. மூத்தவனின் அடிக்கு அஞ்சி வாய்மூடப் பழகியவன், பரீட்சை மண்டபத்தில் நடக்கும் களவுக்கு எதிராக வாய்திறப்பான் என்று எதிர்பார்ப்பது வீண்.

ஆகவே நாம் வேண்டுவன இவை: ஒழுங்கு விதிகள் தமிழில் எழுதப்பட்டு ஒவ்வொரு மாணவன் கையிலும் கொடுக்கப்பட வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குத் தன் பக்கத்தைக் கூறும் உரிமை வேண்டும். குற்றம் நிரூபணமானால் அவன் யாருடைய பிள்ளை என்று பாராமல் தண்டனை வேண்டும். முறையிடுபவனுக்குப் பாதுகாப்பு வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. “எத்தனை புள்ளி?” என்று கேட்பதோடு நில்லாமல், “நீ எழுதியதா?” என்றும் கேளுங்கள். திணைக்களத்தில் கோப்பு எழுதப்போகிறவனும், ஆசுபத்திரியில் நோயாளியின் நாடியைத் தொடப்போகிறவனும், பாலத்துக்கு அளவு போடப்போகிறவனும் அந்தப் பிள்ளைதான். பொய்ப் பட்டத்தின் கடனைக் கடைசியில் ஊரே கட்டவேண்டி வரும்.

உழைத்துத் தோற்ற பிள்ளை மறுமுறை பரீட்சை எழுதலாம். அவனை நாம் மாலையிட்டு வரவேற்போம். திருடி வென்றவனுக்கு ஊர் மாலை சூட்டுமானால், உரிமை கேட்டு எழுப்பும் நம் குரலை உலகம் நம்பாது.