கோலசிலாங்கூரில் வசந்தம் எந்த மாதம்?



வீட்டு முன்னால் இருக்கும் புல்தரைக்கு எப்போது உரம் போடலாம் என்று கைப்பேசியில் தேடிப் பாருங்கள். வருகிற காணொளிகளில் பெரும்பாலானவை ஒரே பதிலைத்தான் சொல்லும்: வசந்த காலத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை. சொல்பவர் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருப்பார். அவருடைய ஊருக்கு அது சரிதான். ஆனால் கோலசிலாங்கூரில் வசந்தம் எந்த மாதம்? பெஸ்தாரி ஜெயாவில் இலையுதிர் காலம் எப்போது? நம் வட்டாரத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் மொத்தமாக இலை உதிர்ப்பது ரப்பர் மரம். அதுவும் குளிருக்கு அஞ்சி அல்ல, அப்போது மழை குறைவதால்.

புல்லுக்கு உரம் போடுவது சின்ன விஷயம் போலத் தோன்றலாம். ஆனால் அதற்குள் நீங்கள் படிக்கும் நைட்ரஜன் சுழற்சி முழுவதும் அடங்கியிருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேற்று நாட்டுப் பருவத்தை வைத்து எழுதிய நாள்காட்டியை நாம் பின்பற்றக் கூடாது. நமக்குப் பருவம் என்றால் மழைதான். எவ்வளவு உரம் போடுகிறோம் என்பதைவிட, எந்த மழைக்கு முன், எந்த மழைக்குப் பின் போடுகிறோம் என்பதே முக்கியம்.

குளிர் நாட்டுக்காரர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே குளிர்காலத்தில் மண் உறைந்துபோகும், புல் உறங்கிவிடும், வேர் உரத்தை உறிஞ்சாது. வெப்பம் மிதமாக இருக்கும் மாதங்களில்தான் அந்த ஊர்ப் புல் வேகமாக வளரும். ஆகவே அங்கே உரத்துக்கு நேரம் குறிப்பது வெப்பநிலை.

நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகைக்குச் சற்று மேல். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே அரை மணி நேர வித்தியாசம்கூட இல்லை. வெப்பநிலையும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். நம் வீட்டு முன் வளரும் கவ்கிராஸ், மலாயில் 'ரும்புட் லெம்பு' என்பார்களே, அந்த அகன்ற இலைப் புல் ஒருநாளும் உறங்குவதில்லை. இங்கே மாறுவது மழை மட்டும்தான்.

தீபகற்பத்தின் மேற்குக் கரையில் மழை ஆண்டுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. ஏப்ரலை ஒட்டி ஓர் ஏற்றம், அக்டோபர் - நவம்பரில் இன்னொன்று. இவை இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்கள். மாலையில் இடியும் மின்னலுமாகக் கொட்டும் மழை இந்த மாதங்களில்தான் அதிகம். ஜனவரி - பிப்ரவரியிலும் ஜூன் - ஜூலையிலும் மழை குறையும். ஆண்டு முடிவில் கிளந்தானும் திரெங்கானுவும் வெள்ளத்தில் தத்தளிக்கும்போது நமக்கு அவ்வளவு மழை வராததற்குக் காரணம், இடையில் நிற்கும் தித்திவாங்சா மலைத்தொடர்.

இப்போது உரப்பைக்கு வருவோம். வெள்ளை மணிகளாக இருக்கும் யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன். அதை மண்மேல் தூவியபின் என்ன நடக்கிறது?

மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் சுரக்கும் யூரியேஸ் என்னும் நொதி, ஈரம் பட்ட யூரியாவைச் சிதைத்து அம்மோனியமாக மாற்றுகிறது. அம்மோனியத்துக்கு நேர் மின்னேற்றம், களிமண்ணுக்கு எதிர் மின்னேற்றம். ஆகவே களிமண் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. புல் இரண்டையுமே உறிஞ்சும். ஆனால் நைட்ரேட்டுக்கு எதிர் மின்னேற்றம் என்பதால் மண்ணின் பிடியில் நிற்காது, தண்ணீரோடு போய்விடும்.

இந்தப் பாதையில் நைட்ரஜன் நம்மைவிட்டுத் தப்பிக்க மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி காற்று. வெயில் காயும் நாளில் இலேசாக ஈரமான தரைமேல் யூரியாவைத் தூவி அப்படியே விட்டால், அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். வெப்பம் கூடினால் நொதியின் வேகமும் கூடும் என்று படித்திருப்பீர்கள். நம் நாட்டு வெயிலில் அந்த இழப்பு விரைவாகவே நடக்கும்.

இரண்டாம் வழி மழைநீர். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோவுக்கு மேல் யூரியா கரையும். ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். ஐந்து மீட்டருக்கு நான்கு மீட்டர் புல்தரையில் ஒரே மாலையில் 60 மில்லிமீட்டர் பெய்தால் விழுவது 1200 லிட்டர். காலையில் தூவிய ஒரு கைப்பிடி யூரியா அந்த வெள்ளத்தில் எப்படி நிற்கும்?

மூன்றாம் வழி தேங்கிய நீர். கோலசிலாங்கூர் கடலோரச் சமவெளி, தண்ணீர் மெதுவாகத்தான் வடியும். நீர் தேங்கினால் மண்ணில் ஆக்சிஜன் குறையும். அப்போது சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக வெளியே விடும். அதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கார்பன் டைஆக்சைடைப்போல் சுமார் 270 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது.

ஆகவே காய்ந்து கிடக்கும் மண்ணும் கூடாது, கொட்டும் மழையும் கூடாது. கடும் வறட்சியில் உரம் போட்டால் வேறோர் ஆபத்தும் உண்டு. வேரைச் சுற்றி உப்புச் செறிவு கூடி, ஊடுபரவல் திசைமாறி, வேரிலிருந்தே தண்ணீர் வெளியேறும். புல் கருகிவிடும்.

இதெல்லாம் புதிய அறிவா? இல்லை. இதை அறிந்தவர்கள் நம் குடும்பங்களிலேயே இருந்தார்கள், இருக்கிறார்கள். மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் நம் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. தொடங்கியவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே. நூறாண்டுக்கு மேலாக நம் வட்டாரத் தோட்டங்களில் செம்பனைக்கு உரமிட்டவர்களில் நம் பாட்டிகளும் அம்மாக்களும் ஏராளம். மரத்தைச் சுற்றிச் சுத்தம் செய்த வட்டத்தில் உரத்தைக் குவிக்காமல் பரவலாக வீச வேண்டும் என்பதும், அடைமழைக் காலத்தில் உரவேலையைத் தள்ளிவைக்க வேண்டும் என்பதும் அவர்களுக்கு அன்றாட வேலை அறிவு. 'அம்மோனியம்', 'நைட்ரேட்' என்ற சொற்கள் அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் நைட்ரஜன் எப்போது வீணாகும் என்று தெரிந்திருந்தது.

"உரம் போடுவது படிக்காதவர்கள் வேலை" என்று நம் பிள்ளைகள் சிலர் நினைக்கிறார்கள். பாட்டி தோட்டத்தில் என்ன வேலை செய்தார் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். தேர்வில் நைட்ரஜன் சுழற்சியை அம்புக்குறி போட்டு வரைந்துவிட்டு, வீட்டுப் புல்லுக்குக் கனமழைக்கு முன் உரம் வீசுகிறவர் அறிவியல் அறிந்தவரா? மேகத்தைப் பார்த்து உரவாளியைக் கீழே வைத்தவர் அறியாதவரா?

வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களுக்குப் போனால் இன்னொரு பாடம் கிடைக்கும். நெல்லுக்கு வேண்டிய நைட்ரஜனை விவசாயிகள் ஒரே நாளில் கொட்டுவதில்லை. பிரித்துப் பிரித்துத்தான் போடுகிறார்கள். தூர் கட்டும் பருவத்தில் ஒரு பங்கு, கதிர் உருவாகத் தொடங்கும் பருவத்தில் ஒரு பங்கு. வேர் எப்போது கேட்கிறதோ அப்போது கொடுப்பது அவர்களின் முறை. செம்பனைத் தோட்டத்திலிருந்து மழையையும், நெல்வயலிலிருந்து தவணையையும் எடுத்துக்கொண்டால் நம் புல்தரைக்கான விதி கிடைத்துவிடும்.

"ஐயா, ஒரு வீட்டுப் புல்லுக்கு இவ்வளவு யோசனை தேவையா?" என்று கேட்பீர்கள். தேவை என்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்கிறேன்.

ஒன்று, அந்த வெள்ளை மணியின் விலை. காற்றில் உள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் வழியை ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதை 1913இல் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தார். இன்றும் அதே வழிதான். அதற்கு வேண்டிய ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. நம் நாட்டில் பிந்துலுவிலும் குருணிலும் சிப்பித்தாங்கிலும் எரிவாயுவைக் கொண்டுதான் யூரியா தயாராகிறது. எரிவாயு விலை ஏறி, உக்ரேன் போரும் சேர்ந்துகொண்ட 2022இல், உலகச் சந்தையில் யூரியாவின் சராசரி விலை 2020ஐவிட ஏறக்குறைய மூன்று மடங்கானது. மழையில் கரைந்து போவது நம் பணமும், எரித்த எரிவாயுவும்தான்.

இரண்டு, அது போய்ச் சேரும் இடம். ஒரு வீட்டிலிருந்து போவது கொஞ்சம்தான். ஆனால் ஒரு தாமானில் நூற்றுக்கணக்கான வீடுகள் இருக்கின்றன. எல்லா வீட்டுக் கால்வாயும் ஒரே ஆற்றை நோக்கித்தான் போகும். சிலாங்கூர் ஆறு கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பங்கைக் கொடுக்கும் ஆறு. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒளிர்வதும் இதன் கரையில்தான். உரச்சத்து நிறைந்த நீரில் பாசி பெருகும். அது மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறையும். பள்ளிக்குப் போகும் வழியில் பச்சைப் போர்வை போர்த்திய கால்வாயைப் பார்த்தால், எங்கிருந்து அதற்குச் சாப்பாடு கிடைத்தது என்று யோசியுங்கள்.

அப்படியானால் உரமே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? அதுவும் சரியான முடிவு அல்ல. இலங்கை அரசு 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. நெல்லும் தேயிலையும் விளைச்சலில் சரிந்தன. அந்த ஆண்டு நவம்பரிலேயே அரசு பின்வாங்கியது. குற்றம் உரத்தில் இல்லை. இடம், அளவு, நேரம் பார்க்காமல் போடுவதில்தான் இருக்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் புல்லை வெட்டியபின் துணுக்குகளைக் கூட்டி எரிக்காதீர்கள். மெல்லியதாகப் பரப்பி விட்டால் அவை மட்கி, புல்லுக்கு ஓர் ஆண்டில் தேவைப்படும் நைட்ரஜனில் சுமார் கால் பங்கைத் திருப்பிக் கொடுக்கும். அதற்குக் காசு செலவில்லை.

அடுத்து, உரத்தைச் சிறு தவணைகளாகப் பிரியுங்கள். மழை ஏறத் தொடங்கும் மார்ச், மழை ஓயத் தொடங்கும் மே இறுதி, மறுபடி ஏறத் தொடங்கும் ஆகஸ்டு இறுதி, மறுபடி ஓயும் டிசம்பர். இந்த நான்கும் நம் மேற்குக் கரைக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. ஏப்ரலிலும் அக்டோபர் - நவம்பரிலும் பை மூடியே இருக்கட்டும். நாளைத் தேர்ந்தெடுக்கும்போது வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்பைப் பாருங்கள். முந்தின நாள் மழையில் மண் நனைந்து, அன்று பெருமழை இல்லை என்றால் அதுவே நல்ல நாள். போட்டவுடன் சதுர மீட்டருக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீர் தெளித்தால் யூரியா மண்ணுக்குள் இறங்கும், காற்றில் பறக்காது.

அளவுக்கும் கணக்கு உண்டு. ஒரு தவணைக்குச் சதுர மீட்டருக்கு 2 கிராம் நைட்ரஜன் என்று வைத்துக்கொள்வோம். 20 சதுர மீட்டருக்கு 40 கிராம். யூரியா என்றால் 40ஐ 0.46ஆல் வகுக்க வேண்டும், சுமார் 87 கிராம். பையில் 15-15-15 என்று போட்டிருந்தால் 0.15ஆல் வகுக்க வேண்டும், சுமார் 267 கிராம். பையிலுள்ள முதல் எண்தான் நைட்ரஜன்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். வீட்டிலோ பள்ளித் திடலின் ஓரத்திலோ, அனுமதி கேட்டு, ஒரு சதுர மீட்டர் அளவில் மூன்று கட்டங்கள் பிரியுங்கள். முதல் கட்டத்துக்கு உரம் இல்லை. இரண்டாவதற்குக் கனமழைக்கு முன் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி யூரியா. மூன்றாவதற்கு அதே அளவு, மழை விட்ட மறுநாள், தண்ணீர் தெளித்து. கட்டங்களுக்கு இடையில் நல்ல இடைவெளி விடுங்கள். மூன்று வாரம் கழித்து ஒவ்வொரு கட்டத்துப் புல்லையும் வெட்டி எடை போடுங்கள். பக்கத்தில், பக்கங்கள் நேராக உள்ள ஒரு போத்தலின் மேற்பகுதியை வெட்டி வைத்துத் தினமும் மழையை அளந்து எழுதுங்கள். ஒரு முறை செய்தால் போதாது. வேறு மாதத்தில் மறுபடி செய்யுங்கள்.

பன்னிரண்டு மாதம் எழுதி முடித்தால் உங்கள் கையில் ஒரு நாள்காட்டி இருக்கும். அதில் வசந்தமும் இருக்காது, இலையுதிர் காலமும் இருக்காது. ஈஜோக்கிலோ புக்கிட் ரோத்தானிலோ உங்கள் வீட்டு வாசலில் பெய்த மழைதான் இருக்கும். அதை எழுதத் தொடங்கும் முன், தோட்டத்தில் வேலை செய்தவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "மழைக்காலத்தில் உரம் போடுவீர்களா?" அவர் சொல்லும் பதிலை முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.