கூலியைத் தாமதிப்பவர் கட்டும் வீடு

ஒரு கட்டடம் இடிந்தால் கம்பியிலும் கலவையிலும் குறை தேடுகிறோம். கட்டடம் கட்டும் நிறுவனமே இடிந்து விழுந்தால், குறையைக் கணக்குப் புத்தகத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது.

பிரிட்டனின் பெரிய கட்டுமான நிறுவனங்களுள் ஒன்றான கரில்லியன் 2018 ஜனவரி 15 அன்று கலைக்கப்பட்டது. உலகெங்கும் ஏறத்தாழ 43,000 பேர் அதில் பணியாற்றினர். அன்று அதன் பொறுப்புகள் சுமார் 700 கோடி பவுண்டு, கையிருப்போ 2.9 கோடி பவுண்டு. லிவர்பூல் நகரில் அது கட்டிக்கொண்டிருந்த ராயல் மருத்துவமனை பாதியில் நின்றது. 2017-இல் திறக்கத் திட்டமிடப்பட்டிருந்த அம்மருத்துவமனை 2022-இல்தான் திறக்கப்பட்டது.

நாடாளுமன்றத்தின் இரு குழுக்கள் இவ்வீழ்ச்சியை ஆராய்ந்து, அதே ஆண்டு மே மாதம் அறிக்கை வெளியிட்டன. அதில் வெளிப்பட்டவை எவருக்கும் புரியக்கூடிய தவறுகளே. வேலை கிடைத்தால் போதுமென்று குறைந்த விலைக்கு ஒப்பந்தங்கள் எடுக்கப்பட்டன. வருமென்று நம்பிய பணம், வந்துவிட்ட வருமானமாக எழுதப்பட்டது. 2017 ஜூலையில் அந்நம்பிக்கையைத் திருத்தி எழுதியபோது 84.5 கோடி பவுண்டு காணாமற்போயிற்று. அதுவரை பங்குதாரர்களுக்கான ஈவுத்தொகை மட்டும் ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே வந்தது.

இவற்றினும் நம்மை உறுத்துவது வேறொன்று. உரிய காலத்தில் பணம் தருவோம் என்ற நெறிமுறையில் கையெழுத்திட்டிருந்த அந்நிறுவனம், துணை ஒப்பந்தக்காரர்களுக்கு 120 நாள் தவணை விதித்தது. வேலையை முடித்துவிட்டு நான்கு மாதம் காத்திருந்த சிறு நிறுவனங்களின் பணத்தில்தான் பெரிய நிறுவனத்தின் சக்கரம் சுழன்றது. அது நின்றபோது, ஏறத்தாழ 30,000 நிறுவனங்களுக்குத் தரவேண்டிய சுமார் 200 கோடி பவுண்டு நிலுவையில் இருந்தது.

லிவர்பூல் நமக்குத் தொலைவு என்று எண்ண வேண்டாம். நம்மில் பலர் வளைகுடாவில் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஊரில் வீடு கட்டுகிறோம். சிலர் அவ்வீடுகளைக் கட்டித் தரும் தொழில் செய்கிறோம். ஒரு வீட்டுக்கென வாங்கிய முன்பணத்தை இன்னொரு வீட்டின் கான்கிரீட்டுக்குச் செலவிடுவதும், சனிக்கிழமை தரவேண்டிய கொத்தனார் கூலியை அடுத்த வாரத்துக்குத் தள்ளுவதும் சிறிய அளவில் நிகழும் அதே தவறுதான். அம்முன்பணம் நம் கையிலுள்ள அமானிதம்; தொழிலுக்கான முதலாக அதைக் கருத நமக்கு உரிமையில்லை.

“வீட்டுக்காரர் தராதபோது நாங்கள் எப்படித் தருவது?” என்று ஒப்பந்தக்காரர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. சொல்லாமலே வேலையைக் கூட்டிவிட்டு, கடைசித் தவணையை இழுத்தடிக்கும் வீட்டுக்காரரும் இத்தவற்றில் பங்காளிதான். ஆகவே இரு தரப்பும் எழுதிக்கொள்ள வேண்டும். அஸ்திவாரம், லிண்டல், மேல்தளம், பூச்சு எனக் கட்டத்துக்குக் கட்டம் எவ்வளவு தொகை, எத்தனை நாளில் என்று குறித்துக்கொள்ள வேண்டும். இடையில் கூடும் வேலைக்கு அவ்வப்போதே விலை பேசி எழுத வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கணக்கு வேண்டும். குறைந்த விலை சொல்பவரைத் தேர்ந்தெடுக்கும் முன், அவரிடம் வேலை செய்தவர்களையும் பொருள் கொடுத்தவர்களையும் விசாரிக்க வேண்டும்.

“நமக்குள் எதற்கு எழுத்து?” என்று தயங்குவோர் ஒன்றை நினைவுகூர வேண்டும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) தவணைக் கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியதுதான். உழைத்தவரின் கூலியைத் தாமதிப்பதை நபிகளார் (ஸல்) கண்டித்ததையும் நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். புது வீட்டில் முதல் விருந்து பரிமாறும் முன், அதைக் கட்டியவர்களில் எவருக்கேனும் கூலி பாக்கி உள்ளதா என்று கேட்டுக்கொள்வோம். பாக்கி இருந்தால், அதைத் தீர்த்த பின்னரே விருந்து வைப்போம்.