கடவுள் வாக்கா, கமிட்டி வாக்கா?

மனுதர்மம் மனிதன் எழுதியது என்று நாம் சொன்னால் சேலம், நாமக்கல் பக்கத்துக் கிறிஸ்தவ நண்பர்கள் கைதட்டுகிறார்கள், “பைபிளும் அப்படித்தானே?” என்றால் மட்டும் கோபம் வந்துவிடுகிறது. கோபம் எதற்கு? தமிழ்ப் பைபிளையே விரித்துப் பார்க்கட்டும். 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் கடவுளின் பெயர் சர்வேசுரன். பப்ரீஷியஸ் கைக்குப் போனதும் பராபரன். 1871இல் பாதிரி ஹென்றி பவர் முதலானோர் கமிட்டியில் தேவன். 1995இல் வந்த திருவிவிலியத்தில் கடவுள். கடவுளுக்குப் பெயர் வைக்கவே மனிதர் கூட்டம் கூட வேண்டியிருந்தது!

“அது மொழிபெயர்ப்பு; மூலமே தெய்வ வாக்கு” என்பார்களானால், மூலத்தை எழுதியவரையே கேட்போம். பலர் எழுதியிருக்கிறார்கள், நானும் விசாரித்து எழுதுகிறேன் என்று லூக்கா தம் முதல் நான்கு வசனங்களிலேயே ஒப்புக்கொள்கிறார். தெய்வம் சொல்லக் கேட்டவருக்கு விசாரணை எதற்கு? யூதாஸ் நான்றுகொண்டு செத்தான் என்கிறது மத்தேயு 27. விழுந்து வயிறு வெடித்துச் செத்தான் என்கிறது அப்போஸ்தலர் 1. எது தெய்வ சாட்சி?

மனிதர் எழுதியதில் நல்லதிருந்தால் கொள்வோம். ஆனால் ஜாதிக் கொடுமைக்குத் தப்பி மதம் மாறிய ஏழையிடம், அடிமை எஜமானனுக்குக் கீழ்ப்படிய வேண்டுமென்னும் எபேசியர் நிருபத்தைக் கடவுள் கட்டளையென்று நீட்டினால், அவன் தப்பியது எங்கே? எழுதியவன் மனிதன், கேள்வி கேட்க வேண்டியவனும் மனிதனே.