செவிலியர் ஆகலாம், செவிலியர் ஆசிரியர் ஆகக் கூடாதா?

அக்காள்மடத்தில் ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் கடல் வருமானம் கிடையாது. கல்விக்கடன் வாங்கி பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டாள். வீடே பெருமைப்படுகிறது. அவளோ எம்.எஸ்சி. படித்து நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்த ஆசைப்படுகிறாள். இங்கேதான் கதவு சாத்தப்படுகிறது.

எம்.எஸ்சி. நர்சிங்கில் சேரப் பட்டம் முடித்து ஓராண்டு வேலை அனுபவம் வேண்டும். இது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்குகிறது. மேற்படிப்புக்குத் தகுதி வரும் நேரத்தில்தான் பழைய கடனும் வாசலில் வந்து நிற்கிறது. ஒன்றிய அரசின் வட்டி மானியமோ ஒருவருக்கு ஒரே முறைதான். இளநிலைக்கு வாங்கியிருந்தால் முதுநிலைக்குக் கிடையாது. புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாயும் இளநிலையோடு நின்றுவிடும்.

அப்படியானால் யார் ஆசிரியர் ஆகிறார்கள்? இரண்டு ஆண்டு சம்பளம் இல்லாமல் படிக்க வீட்டில் வசதி உள்ளவர்கள். மலமும் சீழும் துடைக்கும் வேலையைச் 'சேவை' என்று புகழும் சாதியச் சமூகம், அந்த வேலைக்கு நம் பெண்களை அழைத்துக்கொள்ளும். பாடம் நடத்தும், செய்முறைத் தேர்வுக்கு மதிப்பெண் போடும் நாற்காலி என்று வரும்போது மட்டும் பணம் குறுக்கே நிற்கும். அது வெறும் பணப் பிரச்சினை அல்ல. அதிகாரம் யார் கையில் என்ற பிரச்சினை.

ஆசிரியர் தேவை இல்லாமலும் இல்லை. 2023 ஒன்றிய பட்ஜெட்டில் 157 புதிய நர்சிங் கல்லூரிகள் அறிவிக்கப்பட்டன, தமிழ்நாட்டுக்கு 11. ஆண்டுக்கு 15,700 பட்டதாரிகள் வருவார்கள் என்றார்கள். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விதிப்படி கணக்குப் போட்டால், நான்காண்டுப் படிப்புக்குக் கல்லூரிக்கு 40 பேர், மொத்தம் 6,000-க்கும் மேல். அவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

அமெரிக்கா இதே பற்றாக்குறைக்கு 2002-ல் சட்டம் போட்டு ஒரு வழி கண்டது. நர்சிங் ஆசிரியராகப் படிப்பவருக்குக் கல்லூரி வழியாகக் கடன் தரப்படும். படித்து முடித்து முழுநேரமாகக் கற்பித்தால், நான்கு ஆண்டில் அந்தக் கடனில் 85 சதவீதம் வரை தள்ளுபடி. கற்பிக்கும் உழைப்பே தவணை.

"ஏன் கடன்? முழு உதவித்தொகை கொடு" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயம். அதுதான் நம் இலக்கு. அது வரும்வரை தாட்கோவும் டாப்செட்கோவும் இப்படிப்பட்ட தள்ளுபடிக் கடனையாவது தொடங்க வேண்டும். படிக்கும் காலத்தில் பழைய கடனின் தவணையும் நிறுத்தப்பட வேண்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்கா சென்ற அம்பேத்கர், திரும்பி வந்து பத்தாண்டு பரோடாவில் பணிசெய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். 1917-ல் அங்கே போனார். அலுவலகத்தில் தீண்டாமை, தங்கிய விடுதியிலிருந்து விரட்டினார்கள், வேறு இடமும் கிடைக்கவில்லை. வெகு சீக்கிரத்தில் வெளியேற வேண்டியதாயிற்று. படிக்கப் பணம் கிடைத்தது. வேலை செய்யச் சாதி விடவில்லை.

ஆகவே தள்ளுபடியோடு இரண்டு உறுதிகள் வேண்டும். அரசு நர்சிங் கல்லூரிகளின் ஆசிரியர் பணியிடங்களை ஒப்பந்த முறையில் அல்லாமல், இட ஒதுக்கீட்டோடு நிரந்தரமாக நிரப்ப வேண்டும். அரசு வேலை தராவிட்டால், தனியார் கல்லூரியில் கற்பித்த ஆண்டுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். இல்லையென்றால் தள்ளுபடி காகிதத்தில் இருக்கும், கடன் அவள் தலையில் இருக்கும்.

அக்காள்மடத்துப் பெண் ஊசி போடக் கற்றுக்கொண்டது போதும் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. அவள் கற்றுக்கொடுக்கவும் வேண்டும்.