எல்லாரும் ஊட்டிக்குப் போய்வந்தவர்கள்

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் கட்டைப் பிரிக்கிற தமிழாசிரியருக்கு 'நான் சென்ற சுற்றுலா' என்ற கட்டுரையில் ஒரு வேடிக்கை காத்திருக்கும். வகுப்பே ஊட்டிக்குப் போய்வந்திருக்கும். லீவு முழுக்கச் செங்கல் சூளையில் அப்பா அம்மாவோடு கல் அடுக்கிய பையனும், பாட்டி ஊரைத் தாண்டி எந்தப் பஸ்ஸிலும் ஏறாத பெண்ணும் மலை ரயிலில் போய், தாவரவியல் பூங்காவைச் சுற்றி, ஏரியில் படகு விட்டு, இயற்கை அன்னையின் எழிலில் மெய்மறந்து, பிரிய மனமின்றி வீடு திரும்பியிருப்பார்கள். தேயிலைத் தோட்டம் எல்லாருக்கும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலவே தெரிந்திருக்கும். கைடில் அப்படித்தான் இருக்கிறது.

வினாத்தாளிலேயே பிள்ளையின் சொந்த வாழ்க்கையைக் கேட்கிற ஒரே கேள்வி அதுதான். அதற்கும் மனப்பாடம் செய்த விடை. இதில் யாருக்கும் உறுத்தல் இல்லை என்பதுதான் விசேஷம். ஆசிரியருக்குத் தெரியும், பையனுக்கும் தெரியும், கட்டுரையை வீட்டில் ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்ட அம்மாவுக்கும் தெரியும். எழுத்துப் பிழை இல்லை, உட்தலைப்பு இருக்கிறது, முடிவுரை இருக்கிறது. மார்க் போட்டாகிவிட்டது.

இதற்கு அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது: பாடம் வேறு, சொந்தக் கதை வேறு. வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து "எங்க ஊர்லகூட இப்படித்தான்..." என்று ஆரம்பித்தால் "ஊர்க்கதை பேசாதே, புத்தகத்தைப் பார்" என்கிறோம். அப்படிச் சொல்கிறவர்கள் எல்லாரும் கொடுமைக்காரர்கள் அல்லர். போர்ஷன் முடிக்க வேண்டும். ஒருத்தனைப் பேசவிட்டால் நாற்பது பேரும் பேசுவார்கள். போதாததற்கு, திருத்துகிறவர் விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்துகிறார். அதில் மாணவனின் ஊருக்கு இடமில்லை. இவையெல்லாம் நிஜமான நெருக்கடிகள். ஆனால் நெருக்கடி வேறு, கொள்கை வேறு. நேரமில்லாததால் கேட்க முடியவில்லை என்பது ஒரு பேச்சு. கேட்காமல் இருப்பதே ஒழுங்கான படிப்பு என்று அதற்குப் பட்டுச் சட்டை போட்டுவிடுவது இன்னொரு பேச்சு. இங்கே நடப்பது இரண்டாவது.

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் 'புயலிலே ஒரு தோணி' ஒரு பாடமாக இருக்கிறது. சிங்கம்புணரியில் பிறந்து, பிழைக்க இந்தோனேசியா போய்த் திரும்பி, மதுரையில் பத்திரிகை அலுவலகத்தில் காலம் கழித்த ப. சிங்காரம் எழுதிய நாவலின் ஒரு துண்டு. நடுக்கடலில் புயல், அதில் மாட்டிக்கொண்ட தொங்கான் என்ற கப்பல். பாடத்தின் பின்னால் உள்ள கேள்வி, வருணனைகளும் அடுக்குத்தொடர்களும் ஒலிக்குறிப்புச் சொற்களும் தோணி படும் பாட்டை எப்படி விவரிக்கின்றன என்று கேட்கிறது. நல்ல கேள்விதான்.

இந்தப் பாடம் கன்னியாகுமரிக் கடற்கரையில் ஒரு பள்ளியில் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் கடந்துபோன கரை அது. கடலுக்குப் போன ஆண்கள் திரும்பாத வீடுகள் தெருவுக்குத் தெரு உள்ள கரை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுகிறான். "சார், அலை சைடுல வந்து அடிச்சா படகு கவுந்துரும். அணியத்த, அதான் படகோட முன்பக்கத்த, அலைக்கு நேராப் புடிக்கணும்." ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "அது கடல்டா. இது பாடம். புக் பேக் கேள்வியப் பாரு."

பையன் உட்கார்ந்துவிடுகிறான். அவன் சொன்னது எங்கே போனது? அது வாயை மூடிக்கொண்டதே தவிர, மண்டைக்குள்ளிருந்து இறங்கவில்லை. சொந்தக் கதையை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டோம் என்று நினைப்பவர்கள் கவனிக்காத இடம் இதுதான். எந்தப் பிள்ளையும் வெறும் மூளையோடு புத்தகத்தைத் திறப்பதில்லை. வீடு, தெரு, சாப்பாடு, சாவு எல்லாம் கூடவே வந்து வரிகளின்மேல் உட்கார்ந்துகொள்ளும். அதை வெளியே பேசவிடலாம், அல்லது உள்ளேயே இருந்து பாடத்தைத் தன்னிஷ்டத்துக்கு வளைக்க விடலாம். வராமல் தடுப்பது மட்டும் யாராலும் ஆகாது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1979-ல் வெளிவந்த ஓர் ஆய்வு. மார்கரெட் ஸ்டெஃபன்சன், சித்ரா ஜோக்தேவ், ரிச்சர்ட் ஆண்டர்சன் என்ற மூவர் செய்தது. அமெரிக்கர்களிடமும், அமெரிக்காவில் வாழ்ந்த இந்தியர்களிடமும் இரண்டு கடிதங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்று அமெரிக்கக் கல்யாணத்தைப் பற்றியது, மற்றது இந்தியக் கல்யாணத்தைப் பற்றியது. பிறகு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். அவரவர் ஊர்க் கல்யாணத்தை அவரவர் வேகமாகப் படித்தார்கள், அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். இது எதிர்பார்த்ததுதான். சுவாரஸ்யம் தப்புகளில் இருக்கிறது.

அமெரிக்கக் கடிதத்தில் மணப்பெண் தன் பாட்டியின் கல்யாண உடையை அணிந்துகொள்கிறாள். அந்த ஊரில் அது பெருமை. பழசாக ஒன்றைப் பெண் அணிய வேண்டும் என்பது சம்பிரதாயம். கடிதத்தில் அந்த உடை அழகாக இருந்தது என்றுதான் இருக்கிறது. நினைவிலிருந்து எழுதிய ஓர் இந்தியரோ, உடை ரொம்பப் பழசு, ஃபேஷன் போய்விட்டது என்று எழுதினார். யோசித்தால் சிரிப்பு வரும், தப்பு புரியவும் செய்யும். நம் வீட்டில் கல்யாணப் பெண்ணுக்குப் பாட்டியின் சேலையைக் கட்டினால் சம்பந்தி வீட்டில் என்ன பேசுவார்கள்? இந்தியக் கடிதத்தில் வரதட்சணை கேட்காத மாப்பிள்ளை வீட்டார் ஸ்கூட்டர் கேட்டுவிடுவார்களோ என்று பெண்ணைப் பெற்றவர்கள் பயந்த செய்தி வருகிறது. நமக்கு அதில் விளக்க ஒன்றுமில்லை. ஆனால் சம்பந்தி வீட்டுக்குச் செய்யவேண்டிய சீர் பற்றிய பேச்சை, இரு குடும்பமும் பரிசுகளை மாற்றிக்கொண்டதாக ஓர் அமெரிக்கர் வாசித்துவிட்டார்.

இவர்கள் யாரும் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர். யாரும் அவர்களைச் சொந்தக் கதை பேசச் சொல்லவும் இல்லை. பேசாமலே கலந்தது. பாட்டி சேலையைப் பற்றி அந்த இந்தியர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால், பக்கத்தில் இருப்பவர் "கடிதத்தில் அப்படியா இருக்கிறது? இன்னொரு முறை பாருங்கள்" என்றிருக்கலாம். ஊர்க்கதை வெளியே வந்தால்தான் அதைப் புத்தகத்தோடு உரசிப் பார்க்க முடியும்.

சொந்த அனுபவம் எப்போதும் தடுமாற வைக்கும் என்றும் இல்லை. 1988-ல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் அமெரிக்காவில் 64 பள்ளி மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்ட வருணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்புத் தேர்வில் பின்தங்கிய, ஆனால் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை முந்திவிட்டார்கள். நம் பள்ளிகளில் 'ஸ்லோ லேர்னர்' என்று தனி பெஞ்சில் உட்காரவைக்கப்படும் பையனிடம் கிரிக்கெட் செய்தியை ஒரு முறை கொடுத்துப் பார்க்கலாம்.

நம் கல்வித் துறைகளுக்கு இது தெரியாததும் அல்ல. 15 வயது மாணவர்களுக்கான உலகத் தேர்வான பிசாவின் 2009 சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 கடைசியில் முடிவு வந்தபோது 74 நாடுகளும் பகுதிகளும் கொண்ட பட்டியலின் அடிவாரத்தில் இரண்டும் இருந்தன. அடுத்த சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவில்லை. சொல்லப்பட்ட காரணம்: கேள்விகள் நம் பிள்ளைகளின் சமூக, கலாச்சாரச் சூழலோடு ஒட்டவில்லை. காரணத்தில் நியாயம் உண்டு. ஆனால் இதைச் சொன்னது எந்த அமைப்பு? கடலோரப் பையன் அணியத்தைப் பற்றிப் பேசினால் "அது கடல், இது பாடம்" என்று உட்காரவைக்கிற அதே அமைப்பு. வாழ்ந்த அனுபவம் இல்லாமல் வாசிப்பு நடக்காது என்பது தோற்றபோது மட்டும் நினைவுக்கு வருகிறது.

சிலர் மரபைக் காட்டுவார்கள். நம் முன்னோர் மனப்பாடம் செய்துதான் படித்தார்கள், சொந்தக் கதையா பேசிக்கொண்டிருந்தார்கள் என்பார்கள். உ.வே. சாமிநாதையரை விட மனப்பாடம் செய்த மாணவர் யார்? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு அந்தாதியும் பிள்ளைத்தமிழும் கோவையும் நெட்டுருப் போட்டவர். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த புதிதில் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியை அவர் கையில் கொடுத்தார். படித்த படிப்பெல்லாம் அங்கே கை கொடுக்கவில்லை. சமணக் கொள்கை தெரியாமல் செய்யுள் பிடிபடவில்லை. அவர் என்ன செய்தார்? கும்பகோணத்திலேயே இருந்த சமணர்களின் வீட்டைத் தேடிப் போனார். ஒரு நாள் அங்கே போனபோது வாசலில் தோரணம். என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணி படித்து முடித்த நாள் என்றார்கள். அவர் ஏட்டில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த நூலை, நாலு தெரு தள்ளி ஒரு குடும்பம் பண்டிகையாகக் கொண்டாடிக்கொண்டிருந்தது. 1887-ல் வந்த சிந்தாமணிப் பதிப்புக்குப் பின்னால் அந்த வீட்டுத் திண்ணைகளும் இருக்கின்றன. இதைத் தம் சுயசரிதையில் அவரே சொல்கிறார்.

எதிர்க்கட்சியில் ஒரு பலமான சாட்சி உண்டு. அதை மறைப்பது நேர்மையல்ல. கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கவிதைகளை எழுதியவர் பெயரில்லாமல் மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். 1929-ல் அதைப் புத்தகமாக்கியபோது, வாசிப்பைக் கெடுக்கும் காரணங்களில் ஒன்றாக, கவிதைக்குச் சம்பந்தமில்லாத சொந்த நினைவுகள் நடுவில் புகுந்துகொள்வதையும் சேர்த்தார். உண்மைதான். புயல் பாடத்தில் ஆரம்பித்து, மாமா படகு வாங்கிய கடன், வட்டி, மாமியின் நகை என்று போய்விட்டால் சிங்காரம் கரையிலேயே நின்றுவிடுவார். "எனக்கு அப்படித்தான் தோணுச்சு" என்பது எல்லாக் கேள்விக்கும் விடையாகவும் முடியாது. ஒன்பது வருடம் கழித்து, 1938-ல், வாசகரின் அனுபவத்துக்காக வாதாடிய லூயிஸ் ரோசன்பிளாட்டும் இதை ஒத்துக்கொண்டவர்தான். அனுபவத்திலிருந்து திரும்பப் பிரதிக்கே வர வேண்டும் என்பது அவர் கட்சி.

ஆகவே அந்த ஆசிரியர் செய்திருக்க வேண்டியது பெரிய காரியமில்லை. "சரி, நீ சொன்ன மாதிரி இந்தக் கதையில கப்பித்தான் செய்றானா? எந்த வரியில? செய்யலன்னா ஏன்?" என்று கேட்டிருந்தால் போதும். பையன் அந்தப் பக்கத்தை வரி வரியாகப் புரட்டியிருப்பான். புக் பேக் கேள்வி கேட்கிற ஒலிக்குறிப்புச் சொற்களும் அந்தத் தேடலில் தானாக மாட்டியிருக்கும். உங்க ஊரில் கடல் குமுறும் சத்தத்துக்கு என்ன சொல்வீர்கள் என்று இன்னொரு கேள்வி போட்டால் மொத்தம் பத்து நிமிடம். போர்ஷன் ஒன்றும் மூழ்கிவிடாது.

இன்னொரு ஆபத்து இதைவிட மோசமானது, அதைச் செய்கிறவர்கள் இந்தக் கட்சியின் நண்பர்கள். பிள்ளைகளை வாழ்க்கையோடு இணைக்கிறேன் என்று கிளம்பி, "உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறார், எழுந்து சொல்" என்று வகுப்பு நடுவில் நிறுத்துவது. நம் ஊரில் அப்பாவின் வேலையைக் கேட்பது பல நேரம் சாதியைக் கேட்பதுதான். ஒக்கியில் அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளையிடம் புயலைப் பற்றி அனுபவம் கேட்பதும் இதே ரகம். சொல்ல விரும்புகிறவனுக்கு வாசல் திறந்திருக்க வேண்டும். சொல்லாதவனை இழுத்துவந்து நிறுத்தக் கூடாது. ஊட்டிக் கட்டுரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள ஒரு பிள்ளைக்கு உரிமை உண்டு. ஒளிவதைத் தவிர வேறு வழியே இல்லை என்று ஆக்கி வைத்திருப்பதுதான் குற்றம்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே இதெல்லாம் நடந்துதான் இருக்கிறது. பிரேசிலில் பாவ்லோ ஃபிரேய்ரே கூலிக்காரர்களுக்கு எழுத்தறிவு கொடுக்க அவர்கள் கையில் புழங்கிய 'செங்கல்' போன்ற சொற்களை எடுத்தார். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெரியவர்களுக்குப் பாடம் எடுத்தபோது, அணில், ஆடு என்று தொடங்காமல் 'பட்டா' என்ற சொல்லைத் தொடக்கப் பாடத்திலேயே வைத்தது. நிலம் இல்லாதவருக்கும், இருந்து பறிகொடுத்தவருக்கும் அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கைநாட்டு வைத்த பாட்டிக்குக் கிடைத்த இந்த மரியாதை பத்தாம் வகுப்புப் பேரனுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அந்தச் சூளைப் பையனுக்குச் செங்கல்லைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. குழைத்த மண்ணை அச்சில் அறைந்து கல் அறுப்பது, காய்ந்த பக்கத்தைப் பார்த்துப் புரட்டிப் போடுவது, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு கூலி என்று ராத்திரி அப்பா விரல்விட்டு எண்ணுவது, திடீர் மழையில் பச்சைக் கல் கரைந்தால் அன்றைய எண்ணிக்கை அத்தனையும் மண்ணாகப் போவது. விடைத்தாளில் அவனுக்கு ஒன்றரைப் பக்கம் இடமிருந்தது. அதில் அவன், மலை ரயில் குகைக்குள் நுழைந்தபோது எல்லாரும் ஆரவாரம் செய்தோம் என்று எழுதினான். பச்சைக் கம்பளத்துக்கு அடிக்கோடும் போட்டிருந்தான்.